கேஸ் என்று சொல்லி நேரத்தைக் கடத்தாதீர்கள்

நம் ஆசிரியர் அறைகளில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: கேஸ். பெருங்காயம் போட்ட மோர், ஓமத் தண்ணீர், சோடா என்று வைத்தியமும் கைவசம் இருக்கும். பல நேரங்களில் அது உண்மையிலேயே வாயுத் தொல்லையாகத்தான் இருக்கும். ஆனால் மாரடைப்பும் அதே முகத்தோடுதான் வருகிறது.

பத்தாம் வகுப்பில் இரத்தச் சுற்றோட்டம் நடத்தும்போது ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்பார்: “டீச்சர், இதயத்துக்குள்ளதான் அவ்வளவு ரத்தம் இருக்கே, அப்புறம் அதுக்கு எப்படி ரத்தம் கிடைக்காமப் போகும்?” நல்ல கேள்வி. அறைகளுக்குள் ஓடும் இரத்தம் இதயத் தசைக்கு உணவாவதில்லை. பெருந்தமனியின் அடிப்பகுதியில் கிளைக்கும் கரோனரி தமனிகள்தான் தசைக்கு இரத்தம் தருகின்றன. அவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை சாகத் தொடங்கும். செத்த தசை மீண்டும் வளராது; அந்த இடம் தழும்பாகிவிடும். ஆகவே இங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

ஒற்றை விரலால் ‘இங்கே குத்துகிறது’ என்று காட்டும் வலி பெரும்பாலும் இதயத்தினுடையது அல்ல. மாரடைப்பில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாற்போல் நடு நெஞ்சு அழுத்தும். இடது கை, தோள், தாடை, முதுகு, மேல்வயிறு என்று அது பரவலாம். மின்விசிறிக்கு அடியிலும் குளிர்ந்து வியர்க்கும், குமட்டும், மூச்சு வாங்கும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் வரலாம். காரணமில்லாத களைப்பும் மூச்சுத் திணறலும் மட்டுமே இருக்கும். வீட்டு வேலையையும் முடித்துவிட்டு முதல் மணிக்கு ஓடிவரும் நம் ஆசிரியைகள் இதை அசதி என்று ஒதுக்குவதுதான் எனக்குப் பெரும் கவலை.

எங்கள் பள்ளியில் ஐம்பதைக் கடந்த கணக்காசிரியர் ஒருவர் மூன்றாம் பாடவேளையில் சட்டை நனைய வியர்த்து வந்து உட்கார்ந்தார். “இன்னும் ஒரு பீரியட் இருக்கு டீச்சர், முடிச்சுட்டு என் வண்டியிலேயே போய்க்கிறேன்” என்றார். தலைமையாசிரியை விடவில்லை. அவரை எழுந்து நடக்கவும் விடாமல் 108-ஐ அழைத்தார். மருத்துவமனையில் எடுத்த முதல் இ.சி.ஜி.யில் எதுவும் தெரியவில்லை. மருத்துவர் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் சிறிது நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார், அதில் தெரிந்தது. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், வலி தொடர்ந்தால் மறு இ.சி.ஜி.யும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் தேவை என்பதை நாங்கள் அன்றுதான் கண்ணெதிரே பார்த்தோம்.

கிராமப் பள்ளிகளுக்கு இன்னொரு செய்தி. ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய முதல்கட்ட மாத்திரைகள் இருப்பில் உள்ளன. அவற்றை மருத்துவப் பணியாளர்தான் தர வேண்டும். நாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

மயங்கி விழுந்தவருக்குப் பேச்சு மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். நடு நெஞ்சில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பள்ளிக்கு இருவராவது இதைப் பழகியிருந்தால் நல்லது.

தடுப்பது பற்றி எல்லோருக்கும் தெரியும், செய்வதில்தான் தகராறு. “நாள் முழுக்க நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம்” என்பார்கள். நிற்பது நடையாகாது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்தக் கணக்கில் சேரும். புகையிலையை அடியோடு விட வேண்டும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்தால்தான் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையாவது அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பிரஷர் நார்மல்’ என்றதும் மாத்திரையை நிறுத்துபவர்கள் நம்மிடையே அதிகம். அது நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான்.

எங்கள் ஆசிரியர் அறையில் கால அட்டவணைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். இ.சி.ஜி. வசதியுள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை, அங்கே போக ஆகும் நேரம், 108-இல் பேசும்போது சொல்ல வேண்டிய ஊர், சாலை, அடையாளம் ஆகியவை அதில் இருக்கின்றன. தயாரிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.