மடக்குக் கத்தியின் உயிர்நிலை

17 வருடம் என் பையில் கிடந்த மடக்குக் கத்தி, போன ஐப்பசி மழையோடு கைவிட்டது. அலகு நன்றாகத்தான் இருந்தது. தீட்டித் தீட்டிக் கொஞ்சம் ஒல்லியாகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அலகும் பிடியும் சேரும் இடத்தில் இருந்த ரிவிட் தளர்ந்து, விரித்தால் பால்பல் ஆடுவதுபோல் அலகு இப்படியும் அப்படியும் ஆடியது. ரிவிட்டின் தலையைச் சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி இறுக்கிப் பார்த்தேன். இரண்டு வாரம் தாங்கியது. பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பித்தளைத் தகட்டில் வட்டமாக இருந்த துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. இனி எவ்வளவு தட்டினாலும் நிற்காது. அதே மாதிரியில் இன்னொன்று வாங்கலாம் என்று விசாரித்தால், அதைச் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

பழகிய பொருள் கடையில் இல்லாமல் போனால் அதன் நகலைத் தேடி அலைவோம். நானும் ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் பழைய கத்தியையே மேசையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். வாய்ப்பகுதியில் முனையிலிருந்து பாதி வரைதான் தேய்ந்திருந்தது. பிடியை ஒட்டிய பாதி புதுசாகவே இருந்தது. பார்சல் பிரிக்க, நைலான் கயிறு அறுக்க, ஒயரின் மேல்தோலைச் சீவ, சாயங்காலம் தரமணி நூறடிச் சாலையில் வாங்கும் கொய்யாவை நாலாக நறுக்க எனக்கு முன்பாதியே போதுமாக இருந்திருக்கிறது. அலகு 8 செ.மீ. இருந்தால் தாராளம். குறை அலகில் இல்லை, கீலில். புதிய கத்திக்கு நான் எழுத வேண்டிய தேவைப்பட்டியலைப் பழைய கத்தியே எழுதி வைத்திருந்தது.

கீல் என்னும் பலவீனம்

சமையலறைக் கத்தியில் இரும்பு பிடிக்குள்ளும் நீண்டு ஓடும். மடக்குக் கத்தியில் அந்த ஓட்டத்தை நடுவில் வெட்டி, பென்சிலைவிட மெல்லிய ஓர் அச்சில் கோத்திருக்கிறோம். கையின் பலம் முழுவதும் அந்த அச்சின் வழியாகத்தான் அலகுக்குப் போயாக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. அலகின் நீளம் 8 செ.மீ., அதாவது 80 மி.மீ. அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு, அச்சிலிருந்து 6 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். முனையில் 5 கிலோ எடை அளவுக்கு எதிர்விசை வந்தால், பூட்டின் மேல் விழும் விசை 5 × 80 ÷ 6, ஏறத்தாழ 67 கிலோ. கடப்பாரையால் பாறையைப் புரட்டுகிற அதே நெம்புகோல் விதி, இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

ஆனால் எல்லா வேலையிலும் இந்தச் சுமை பூட்டின் மேல் விழுவதில்லை. கொய்யாவை நறுக்கும்போது பழம் அலகை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அலகை இன்னும் விரிக்கப் பார்க்கும் திசையில் போகிறது. அதைத் தாங்குவது, அலகு அளவுக்கு மேல் விரியாமல் நிறுத்தும் தடுப்பு முளை. கத்தியைக் குத்தும்போதும், மரத்தில் சிக்கிய முனையை ஆட்டி இழுக்கும்போதும், முதுகில் அடிபடும்போதும்தான் அலகு விரல்களை நோக்கி மடங்கப் பார்க்கும். பூட்டு தேவைப்படுவது அந்த நொடிக்குத்தான்.

நான்கு வகைப் பூட்டுகள்

பழைய பேனாக் கத்திகளில் பூட்டே கிடையாது. பிடியின் முதுகில் ஒரு வில் இருக்கும். அது அலகின் அடியை அழுத்திப் பிடிக்கும். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸ்னர் 1897இல் பதிவு செய்த சிவப்புப் பிடி அதிகாரிக் கத்தியும் இந்த வகைதான். பழம் நறுக்கவும் காகிதம் கிழிக்கவும் நல்லது. அழுத்திக் குத்தும் வேலைக்கு ஆகாது.

இரண்டாவது, வளையப் பூட்டு. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு 1955இல் ஒரு சுழலும் எஃகு வளையம் சேர்ந்தது. அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் மடங்கும் வழி அடைபட்டுவிடும். கதவுத் தாழ்ப்பாளைப்போல எளிமையானது, நம்பகமானது. ஆனால் மரப்பிடி ஈரத்தில் ஊறி உப்பும். நம் கார்த்திகை மாதத்தில் அலகை விரிக்க நகம் பெயர்ந்துவிடும்.

மூன்றாவது, முதுகுப் பூட்டு. பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல். அதன் கொக்கி அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் விழுந்து உட்காரும். 1960களில் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110ஆம் எண் கத்தி இதை உலகெங்கும் பரப்பியது. இடக்கைக்காரர், வலக்கைக்காரர் இருவருக்கும் ஒரே மாதிரி வசதி. பள்ளத்தில் அழுக்கு சேர்ந்தால் கொக்கி முழுதாக இறங்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, தகட்டுப் பூட்டு. பிடிக்குள் இருக்கும் உலோகத் தகட்டின் ஒரு பகுதி வில்லாக வளைந்து, அலகு விரிந்ததும் அதன் பின்னால் வந்து நின்றுகொள்ளும். மைக்கேல் வாக்கர் என்ற கத்தி வடிவமைப்பாளர் 1980களின் தொடக்கத்தில் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். தனித் தகடு இல்லாமல் பிடியின் ஒரு பக்கமே பூட்டாக வந்து நிற்கும்படி கிறிஸ் ரீவ் என்ற இன்னொரு வடிவமைப்பாளர் செய்தது இதன் அடுத்த படி. அந்த வகையில் நாம் பிடியை இறுக்க இறுக்கப் பூட்டும் இறுகும். உறுதி வேண்டுமென்றால் என் வாக்கு முதுகுப் பூட்டுக்கும் இந்தப் பிடிப் பூட்டுக்கும்தான்.

கடற்காற்றுக்கு ஏற்ற எஃகு

தரமணியில் இருந்துகொண்டு எஃகைப் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. ஜாம்ஷெட்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம் இங்குள்ள சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில் இருக்கிறது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் பண்டை இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 'வூட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த நம் உருக்கை 1819 வாக்கில் லண்டனில் ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. அவரோடு சேர்ந்து உழைத்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் தொழிலால் கத்தி செய்பவர்.

எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். 120 பாகைக் கூம்பாகத் தீட்டிய வைர முனையை 150 கிலோ எடையால் அழுத்தி, குழி எவ்வளவு ஆழம் விழுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. குழி ஆழம் குறைந்தால் எண் கூடும். சுவிஸ் கத்திகள் 56 வாக்கில் இருக்கும். தினசரி வேலைக்கு 56 முதல் 60 வரை சரியான எல்லை. அதற்கும் மேலே போனால் கூர் நீடிக்கும், ஆனால் வாய் பொடிந்து உதிரும் ஆபத்தும் கூடும். வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டவும் சிரமம்.

கடினத்துக்கும் தாங்குதிறனுக்கும் நடுவே பதம் பார்ப்பதைத்தான் நம் பட்டறைகளில் தோய்ச்சல் என்கிறார்கள். பழுக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிர வைத்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோலவே உடையும். மறுபடி 200 பாகை செல்சியஸ் அளவுக்கு மெல்லச் சூடாக்கினால் கொஞ்சம் கடினத்தைக் கொடுத்து நிறையத் தாங்குதிறனை வாங்கிக்கொள்ளும். நூறடிச் சாலையில் இளநீர் சீவுபவரின் அரிவாளைப் பாருங்கள். பெரும்பாலும் லாரியின் பழைய வில் பட்டையில் அடித்த இரும்பு. முதுகு தடிமன், வாய் சரிவு அகலம், பதம் மென்மை. ஒரு நாளைக்கு நூறு வெட்டு விழுந்தாலும் உடையாது, மழுங்கினால் உடனே தீட்டிக்கொள்ளலாம். அந்த அரிவாளில் ஆப்பிளை நறுக்கினால் பழம் பிளக்குமே தவிர நறுக்குப்படாது. உறுதி என்றதும் தடித்த அலகைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மடக்குக் கத்திக்கு முதுகில் 2.5 முதல் 3 மி.மீ. போதும்.

சென்னைக்கென்று இன்னொரு நிபந்தனை உப்பு. எஃகில் குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். ஆனால் அந்தக் குரோமியம் இரும்போடு கரைந்து கிடக்க வேண்டும். டி2 என்ற எஃகில் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும், 1.5 சதவீதக் கரிமம் அதில் கணிசமான பங்கைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால் கூர் நெடுநாள் நிற்கும். கடற்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவும் பிடிக்கும். 14சி28என் என்ற ஸ்வீடன் எஃகில் 0.62 சதவீதம் கரிமம், 14 சதவீதம் குரோமியம், கூடவே சிறிது நைட்ரஜன். திருவான்மியூர் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கடையில் கையில் எடுத்தால்

பெட்டியில் எழுதியிருப்பதை அப்புறம் படிக்கலாம். முதலில் கத்தியை விரித்து, அலகின் முனையைப் பிடித்து இடவலமாக மெல்ல அசையுங்கள். பிறகு மேலும் கீழும். துளி ஆட்டம் இருந்தாலும் வைத்துவிடுங்கள். தகட்டுப் பூட்டாக இருந்தால், தகட்டின் நுனி அலகின் அடிப்பரப்பில் முப்பது, நாற்பது சதவீதம் ஏறி உட்கார வேண்டும். விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் வழுக்கும். மடக்கிப் பார்த்தால் அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மேசையில் அடித்துச் சோதிக்க வேண்டாம்.

கடைசியாக அச்சைப் பாருங்கள். ரிவிட் அடித்திருந்தால் அதன் ஆயுள் எழுதப்பட்டுவிட்டது. திருகாணி போட்டிருந்தால் தளரும்போதெல்லாம் இறுக்கலாம், கழற்றித் துடைத்து எண்ணெய் விடலாம். என் பழைய கத்தியில் இருந்த ஒரே குறை அந்த ரிவிட்தான். அதைக் கண்டுகொள்ள எனக்கு 17 வருடம் ஆயிற்று.

பொத்தானை அழுத்தினால் தெறித்து விரியும் கத்திகளின் பக்கம் போக வேண்டாம். சட்டச் சிக்கல் வரலாம். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போடும் பெட்டியில் வைத்துவிடுங்கள். தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று, அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். பொறி பறக்கும் சக்கரத்தில் வாய் நீலம் பாரித்துவிட்டால் அங்கே வெப்பம் 300 பாகையை எட்டியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் தோய்ச்சல் கெட்டுப்போகும். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

நான் வாங்கியது 8 செ.மீ. அலகு, முதுகுப் பூட்டு, திருகாணி அச்சு. பழையதுபோல் அது கையில் பதியவில்லை. பெருவிரல் படும் இடம் இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் கொய்யாவை நறுக்கும்போது அலகில் மயிரிழை ஆட்டம் தெரிந்தது. ஆறுமுனைத் திருப்புளியை வைத்து அச்சைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினேன். ஆட்டம் நின்றது. மீதிப் பழத்தை நறுக்கினேன்.