உருளைக்கிழங்குக்கு முதல் ஆறு வாரம்

மின்னி பே கடைகளில் கிடைக்கும் உருளைக்கிழங்கு சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலேறி வருவது. சென்னையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல்வழி. மழையும் மண்ணும் நிறைந்த இந்தத் தீவிலேயே அதைப் பயிரிட்டால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. மண்ணுக்குள் கிழங்கு திரள்வதற்கு இரவின் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேயர் என்று வழங்கிய ஊரில், இரவு அந்த அளவுக்குக் குளிர்வது அபூர்வம்.

தமிழ்நாட்டில் அந்தக் குளிர் நீலகிரியில் இருக்கிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் அங்கே கொண்டுவந்த பயிர்களில் உருளைக்கிழங்கும் ஒன்று. படுகர் மக்கள் அதை ஏற்றுக் கொண்டார்கள். இன்று மலையில் ஆண்டுக்கு மூன்று பருவங்களில் அது நடப்படுகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் இறங்கும் ஊட்டிக் கிழங்குக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த மூட்டைக்குப் பின்னால் உள்ள உழைப்பில் பெரும்பங்கு களையெடுப்பு என்பது வாங்கிச் சமைப்பவருக்குத் தெரிவதில்லை.

களை முந்தினால் கிழங்கு சிறுக்கும்

விதைக்கிழங்கு முளைத்து மண்ணுக்கு மேலே வர இரண்டு மூன்று வாரம் ஆகும். களை விதையோ ஒரே மழையில் முளைத்துவிடும். உரமும் ஈரமும் முதலில் அதற்கே போகும். செடி தழைத்துப் பாருக்குப் பார் இலை மூடிய பிறகு, நிழலில் களை தானே அடங்கிவிடும். ஆகவே நட்டது முதல் ஆறு வாரமே முக்கியமான காலம். அதைத் தவற விட்டு எட்டாவது வாரத்தில் எவ்வளவு சுத்தமாகக் கொத்தினாலும் இழந்தது திரும்பாது. வெட்டுப்படும் வேரினால் கூடுதல் நஷ்டமே உண்டாகும்.

எல்லாக் களையும் ஒரே மாதிரி அல்ல. கோரையின் கூரிய தண்டு மண்ணுக்குள் ஓடி, உருளைக்கிழங்கையே துளைத்துக் கொண்டு மறுபுறம் வந்துவிடும். துளைபட்ட கிழங்கை மண்டியில் தள்ளி வைப்பார்கள். நீலகிரியில் ஊதாப் பூப்பூக்கும் புளியாரை வகை ஒன்று மண்ணடியில் சிறு குமிழ்களை வைக்கிறது. மேலே கிள்ளினால் மீண்டும் தழைக்கும். குமிழோடு பெயர்த்து, வயலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினால்தான் அதன் தொல்லை குறையும்.

மண் அணைப்பதன் பயன்

களைக்கொத்தால் கொத்தி, செடியின் அடியில் மண் அணைப்பது பழைய முறை. இன்றும் அதற்கு நிகரில்லை. பாரின் பக்கத்தில் முளைத்த இளங்களை மண்ணில் புதைந்து மடிகிறது. வளரும் கிழங்கும் வெயில் படாமல் மூடப்படுகிறது. வெயில் பட்ட கிழங்கு பச்சை நிறமாகி, சோலனைன் என்னும் நச்சுப் பொருள் ஏறி, உண்ணத் தகாததாகிவிடும்.

களைக்கொல்லி மருந்தும் உண்டு. மெட்ரிபூசின் என்பதை நட்ட பின், பயிர் முளைக்குமுன் ஈர மண்ணில் தெளிப்பார்கள். விதையிலிருந்து முளைக்கும் களைகளை அது நன்றாகக் கட்டுப்படுத்தும். ஆனால் கோரைக்கிழங்கிடம் பலிக்காது. பாராகுவாட் என்ற மற்றொரு மருந்து பட்ட இலையைக் கருக்கும். அதை விழுங்க நேர்ந்தால் முறிக்கும் மாற்று மருந்து கிடையாது. குடிக்கும் பாட்டிலில் ஊற்றி வைப்பது உயிருக்கே ஆபத்து.

உருளைக்கிழங்கே களையாகும்போது

நீலகிரிக்கு இன்னொரு தனிச் சங்கடம் உண்டு. 1961ல் ஜோன்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி ஊட்டி வயலில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். வேரைத் தாக்கும் இந்தப் புழுவின் முட்டைகள் கூட்டுக்குள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். எனவே இரண்டு மூன்று போகத்துக்கு முட்டைக்கோஸ், காரட் என்று பயிரை மாற்றச் சொல்கிறார்கள். அறுவடையில் தவறிய கிழங்கு ஒன்று காரட் பாத்தியில் முளைத்து நின்றால், புழுவுக்கு அதுவே உணவு. பயிரை மாற்றிய பயன் வீணாகும். அந்த வயலில் பிடுங்க வேண்டிய முதல் களை உருளைக்கிழங்குச் செடிதான். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் உருவாகி 1985ல் வெளிவந்த குஃப்ரி ஸ்வர்ணா ரகம் இந்தப் புழுவைத் தாங்குகிறது. ஆனாலும் பயிர் மாற்றமும் களையெடுப்பும் தேவையே.

களையெடுக்கும் கைகள்

மலைச்சரிவில் குனிந்து களையெடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அதே ஒப்பந்தத்தில் திரும்பிய வேறு சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியேற்றப்பட்டன. மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கவும் ஆள் வேண்டும். களையெடுக்கவும் ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காத வாரத்தில்தான் சிறு விவசாயி மருந்தை நாடுகிறார். கப்பலில் வந்த கிழங்கின் விலையைப் பேசும்போது, சாக்கு, லாரி, கப்பல் வாடகையோடு இந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.

தீவில் என்ன செய்யலாம்?

உருளை விளையாத தீவில் சர்க்கரைவள்ளி நன்றாக விளைகிறது. 1978ல் ஏற்பட்ட காராச்சர்மா வேளாண் ஆராய்ச்சி நிலையம் கிழங்குப் பயிர்களிலும் ஆராய்ச்சி செய்து வருகிறது. குவார்ட்டர்சின் பின்புறம் நாலு பார் போட்டுக் கொடியை நடுபவர்களுக்கும் மேலே சொன்ன விதியே பொருந்தும். கொடி படர்ந்து மண்ணை மூடும் வரை, முதல் ஆறு வாரம் களையை அண்டவிடக் கூடாது. இரண்டு தடவை கொத்தி மண் அணைத்து, இடையில் தென்னை ஓலையைப் பரப்பினால் போதும். மழை ஓய்ந்த நாளில் கொத்துவது நல்லது. ஈரத்தில் கொத்திப் போட்ட களை கிடந்த இடத்திலேயே மீண்டும் வேர்விடும்.