சக்கரம் கழன்ற விமானமும், நான் கேட்ட காபிப் பொடியும்

திருத்தணி முருகனைத் தரிசித்துவிட்டு 365 படிகளில் இறங்கிக் கொண்டிருந்தோம். துள்ளி ஓடிய என் ஆறு வயது மகன் தடுக்கி விழுந்தான். புருவத்துக்கு மேலே ரத்தம்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "யாராவது காபிப் பொடி கொடுங்களேன்!" என்று அலறினேன்.

படியோரம் பூ விற்ற அம்மாள்தான் அதட்டினார். "பொடியெல்லாம் வேணாம்மா. சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடி. நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காதே."

அப்படியே செய்தேன். அப்போது அரக்கோணம் கடற்படைத் தளத்து விமானம் ஒன்று தாழப் பறந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, "அம்மா, அதுக்குச் சக்கரம் வரலேன்னா?" என்று கேட்டான்.

அவனை அசையாமல் வைத்திருக்க, எனக்குத் தெரிந்த நிஜக் கதையைச் சொன்னேன்.

2021 மே 6. நோயாளி ஒருவருடன் நாகபுரியில் கிளம்பிய சின்னஞ்சிறு ஆம்புலன்ஸ் விமானம் அது. உள்ளே மொத்தம் ஐந்து பேர். மேலே எழும்போதே ஒரு சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. கீழே காவலில் இருந்த பாதுகாப்புப் படை வீரர் அதைப் பார்த்து உடனே தகவல் சொன்னார்.

மீதிச் சக்கரங்களை நம்பி இறங்கினால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சுழன்றுவிடலாம். அதனால் விமானி கேசரி சிங் சக்கரங்களை வெளியே நீட்டவே இல்லை. மும்பையில் தீப்பிடிக்காமலிருக்க ஓடுதளத்தில் நுரையைப் பரப்பி வைத்தார்கள். இரவு ஒன்பது மணி சுமாருக்கு விமானம் வயிற்றாலேயே சறுக்கி இறங்கியது. ஐவரும் பிழைத்தார்கள்!

கதை முடிவதற்குள் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ரத்தமும் நின்றிருந்தது. பிறகு மருத்துவமனையில் இரண்டு தையல் போட்டார்கள். "நல்ல வேளை, காயத்தில் எதையும் அப்பவில்லை" என்றார் டாக்டர். காபிப் பொடி, மஞ்சள் தூள் எல்லாம் காயத்தில் அழுக்கைச் சேர்க்குமாம். தலையில் அடிபட்ட குழந்தை வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த விமானியைப் பற்றி அத்தனையும் தெரிந்திருந்த நான், என் பிள்ளைக்கு ஒன்று என்றதும் கூச்சல்தானே போட்டேன்! பதறாமல் அடுத்த காரியத்தைப் பார்க்கச் சொல்லித் தர ஒரு பூக்காரம்மா வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் என் கைப்பையில் வெளுத்த துணி ஒன்று எப்போதும் இருக்கிறது. நீங்களும் ஒன்று வைத்துக் கொள்ளுங்களேன்.