ஆலோசகரின் கைப்பேசியில் நம் தெரு

கோவில்பட்டி போன்ற கரிசல் நிலத்து ஊர்களில் தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். அங்கு ஒரு தலித் மாணவர் மனநல ஆலோசகரிடம் தம் கைப்பேசி எண்ணைத் தருகிறார் எனக் கொள்வோம். அந்த எண்ணைக் கொண்டே முகநூல் இருவரையும் நண்பர்களாகப் பரிந்துரைக்கக்கூடும். மாணவர் இன்னும் சொல்லாத ஊரும் உறவும் ஆலோசகர் கண்ணில் படும். ஆலோசகரின் சாதிச் சங்கப் பதாகை மாணவர் கண்ணில் படும். அதன்பின் அவரால் மனம் திறந்து பேச இயலுமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையை 18ஆம் பிரிவிலும், இரகசியக் காப்பை 23ஆம் பிரிவிலும் உரிமையாக்குகிறது. மின்னணு வடிவில் உள்ள தகவல்களுக்கும் அக்காப்பு உண்டு என்கிறது 24ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை முதலிய சில விலக்குகளே உள்ளன. குறைகளை 28ஆம் பிரிவின்கீழ் முறையிடலாம்.

நட்பு அழைப்பைப் பற்றி இச்சட்டம் பேசவில்லை. அதை ஏற்காதிருப்பதும், ஒப்புதலின்றி ஒருவரது பக்கத்தைத் துழாவாதிருப்பதும் தொழில் அறத்தின்பாற்பட்டவை. வாட்ஸ்அப் செய்திகளை வேறு யார் பார்ப்பார்கள் என முதல் சந்திப்பிலேயே கேட்பது மரியாதைக் குறைவன்று, நம் உரிமை. தம் சாதியை எப்போது சொல்வது என்பதைச் சிகிச்சை பெறுபவரே தீர்மானிக்க வேண்டும், முகநூல் அன்று.