மேஜை மீது ஆகாயச் சண்டை!

சீட்டைத் திருப்பினால் விமானம் திரும்பும்!
எதிரி எந்தப் பக்கம் திரும்புவான்? அதுதான் ரகசியம்!

மேஜை மீது இரண்டு விமானங்கள் நிற்கின்றன. ஒன்று இங்கிலாந்து விமானம். மற்றொன்று ஜெர்மன் விமானம். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவற்றுக்கு என்ஜின் கிடையாது. சாவி கொடுக்கவும் வேண்டாம். மேஜையை விட்டு ஓர் அங்குலம் கூட அவை எழும்புவதில்லை.

ஆனாலும் அவற்றுக்குள் பயங்கரச் சண்டை நடக்கிறது! ஒன்று வளைகிறது. மற்றொன்று துரத்துகிறது. குண்டு பாய்கிறது. கடைசியில் ஒன்று வீழ்கிறது.

இது ஒரு விளையாட்டு. பள்ளிப் பிள்ளைகளும் ஆடலாம். தலை நரைத்தவர்களும் ஆடலாம். கையில் வேகம் வேண்டியதில்லை. மூளையில் வேகம் இருந்தால் போதும்.

இத்தாலி தந்த விளையாட்டு

இதன் பெயர் "விங்ஸ் ஆப் வார்". "போரின் சிறகுகள்" என்று பொருள். இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரியா ஆஞ்ஜொலினோ, பியர் ஜார்ஜியோ பாலியா என்ற இருவர் இதை உருவாக்கினார்கள். 2004-ம் ஆண்டில் இது வெளிவந்தது.

முதலில் விமானங்களும் சீட்டுகளாகவே இருந்தன. பிறகு வர்ணம் தீட்டிய பொம்மை விமானங்கள் வந்தன. நிஜ விமானத்தின் நீளம், அகலத்தில் 144-ல் ஒரு பங்குதான் இந்தப் பொம்மை. "சாப்வித் கேமல்" என்ற இங்கிலாந்து விமானத்தின் இறக்கை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 28 அடி. பொம்மையிலோ அது சுமார் 6 சென்டிமீட்டர்தான்!

2012-ம் ஆண்டு முதல் "விங்ஸ் ஆப் குளோரி" என்ற புதிய பெயரில் இந்த விளையாட்டு வருகிறது.

ஆடுவது எப்படி?

இதற்குக் கட்டம் போட்ட பலகை தேவை இல்லை. வெறும் மேஜையே ஆகாயம். விமானம் மேஜையின் விளிம்பைத் தாண்டினால் ஆட்டத்தை விட்டே போய்விட்டது என்று பொருள்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கட்டுச் சீட்டு உண்டு. ஒரு சீட்டில் நேர்க்கோடு இருக்கும். ஒன்றில் இடப்பக்க வளைவு. ஒன்றில் வலப்பக்க வளைவு. விமானம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை அந்தக் கோடு காட்டும். எல்லா விமானங்களுக்கும் ஒரே மாதிரிச் சீட்டு அல்ல. சில விமானங்கள் வேகமாகப் போகும். சில விமானங்கள் சட்டென்று வளையும். நிஜ விமானத்தின் குணம் எப்படியோ, சீட்டும் அப்படியே.

ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சீட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். எதிரிக்குக் காட்டக் கூடாது. பிறகு இருவரும் முதல் சீட்டை ஒரே நேரத்தில் திருப்புவார்கள். விமானங்கள் நகரும். எதிரி முன்னால் இருந்தால் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். எட்டினால் சுடலாம்! அப்புறம் இரண்டாவது சீட்டு. அப்புறம் மூன்றாவது.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சீட்டை வைத்தது வைத்ததுதான். பாதியில் மாற்ற முடியாது. "அவன் இடப்பக்கம் வளைவான்" என்று நினைத்துச் சீட்டை வைக்கிறீர்கள். அவன் நேரே போய்விட்டால், உங்கள் விமானம் வெறும் ஆகாயத்தைச் சுட்டுக் கொண்டிருக்கும்!

அடிபட்டால் சீட்டு

சுடப்பட்டவர் வேறொரு கட்டிலிருந்து சீட்டு எடுக்க வேண்டும். அளவுகோலின் முழு நீளத்துக்குள் இருந்தால் ஒரு சீட்டு. பாதி நீளத்துக்குள் இருந்தால் இரண்டு சீட்டுகள். நெருங்கினால் அடி அதிகம்!

சீட்டில் எண் இருக்கும். சைபர் வந்தால் பிழைத்தீர்கள். வேறு எண் வந்தால் அதைக் கூட்டிக் கொண்டே வர வேண்டும். விமானம் தாங்கக்கூடிய எண்ணை எட்டியதும் அது வீழ்ந்துவிடும். சில சீட்டுகளில் வேறு ஆபத்துகளும் உண்டு. துப்பாக்கி சிக்கிக் கொள்ளலாம். விமானம் தீப்பிடிக்கலாம். ஒரே சீட்டில் வெடித்துச் சிதறவும் கூடும்!

அண்ணனும் தங்கையும் ஆடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அண்ணனுக்கு மூன்றடுக்கு இறக்கை கொண்ட ஜெர்மன் விமானம். தங்கைக்கு இங்கிலாந்து விமானம். இரண்டும் நேருக்கு நேர் பாய்கின்றன. இருவரும் சுடுகிறார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. தங்கைக்குச் சைபர்! அண்ணன் தன் சீட்டைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான்.

"எவ்வளவு அண்ணா?"

"அதைச் சொல்ல வேண்டியதில்லை. விதியைப் படி!"

உண்மைதான். எவ்வளவு அடிபட்டது என்பதை எதிரியிடம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு விமானங்களும் ஒன்றை ஒன்று கடந்து போகின்றன. தங்கை இனி வளைந்து வளைந்துதான் திரும்புவாள் என்று அண்ணன் நினைக்கிறான். அவளோ "இம்மல்மான்" சீட்டை வைத்திருக்கிறாள்! நின்ற இடத்தில் திரும்புவது போல விமானம் அப்படியே பின்பக்கம் திரும்பிவிடுகிறது. இப்போது அண்ணனின் முதுகு அவளுக்கு நேரே தெரிகிறது.

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு விலை உண்டு. அதற்கு முன்னும் நேர்ச்சீட்டு போட வேண்டும். பின்னும் நேர்ச்சீட்டுதான் போட வேண்டும். அடுத்து அவள் எங்கே போவாள் என்பது அண்ணனுக்கும் தெரிந்துவிடுகிறது! மாக்ஸ் இம்மல்மான் என்ற ஜெர்மன் விமானியின் பெயரைத்தான் இந்தச் சீட்டுக்கு வைத்திருக்கிறார்கள். அவர் 1916-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் சண்டையில் இறந்தார்.

விசிறிக்கு நடுவே குண்டு!

இந்த விளையாட்டின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு நிஜக் கதை இருக்கிறது.

முதல் உலக மகா யுத்தம் 1914-ல் தொடங்கியது. அப்போது விமானங்கள் வேவு பார்க்கவே போயின. எதிரியைக் கண்டால் விமானிகள் கைத்துப்பாக்கியால் சுட்டார்கள். எந்திரத் துப்பாக்கியை விமானியின் முன்னால் வைத்தால் குறி பார்ப்பது சுலபம். ஆனால் எதிரே விமானத்தின் விசிறி சுற்றுகிறதே! குண்டு பட்டால் சொந்த விசிறியே உடைந்துவிடுமே!

ரோலான் காரோஸ் என்ற பிரெஞ்சு விமானி ஒரு வழி கண்டார். விசிறியில் எஃகுத் தகடு பொருத்தினார். விசிறியில் படும் குண்டுகள் தெறித்து விலகிப் போயின. 1915-ம் ஆண்டு ஏப்ரலில் அவர் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அதன் பிறகு ஜெர்மனிக்கு விமானம் கட்டித் தந்த போக்கர் இன்னும் நல்ல ஏற்பாட்டைக் கொண்டு வந்தார். விசிறியின் இதழ் துப்பாக்கிக்கு நேரே வரும்போது குண்டு வராது. இதழ் விலகியதும் வரும்!

அன்று முதல் விமானமே துப்பாக்கி ஆகிவிட்டது. எதிரியைச் சுட வேண்டுமானால் விமானத்தையே அவன் பக்கம் திருப்ப வேண்டும். அதனால்தான் மேஜை மீதும் இத்தனை வளைவும் நெளிவும்!

ஆசிரியருக்கு நேர்ந்த கதி

ஆகாயச் சண்டைக்கு இலக்கணம் வகுத்தவர் ஆஸ்வால்ட் பெல்க்கே என்ற ஜெர்மன் விமானி. "சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கிட்டே போன பிறகே சுடு" என்பது போன்ற விதிகளை அவர் தம் விமானிகளுக்குக் கற்பித்தார். அவரிடம் பாடம் கற்றவர்தான் 80 விமானங்களை வீழ்த்திய ரிக்தோபன்.

பெல்க்கேயைச் சுட்டு வீழ்த்த எந்த எதிரியாலும் முடியவில்லை. 1916-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி, எதிரியைத் துரத்தும்போது அவருடைய விமானம் தோழர் ஒருவரின் விமானத்தோடு உரசியது. பெல்க்கே இறந்தார். அவருக்கு வயது 25.

தோழன் அடுத்து எங்கே திரும்புவான் என்பது கூடத் தெரியாத சண்டை அது. அந்த வேதனையான உண்மையைத்தான் கவிழ்த்து வைத்த சீட்டு சொல்லுகிறது.

13 நாள், 10 வெற்றி!

இந்தச் சண்டையில் நம் நாட்டு வாலிபர் ஒருவரும் பங்கு கொண்டார். அவர் பெயர் இந்திர லால் ராய். 1898-ல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் படித்தவர். 1917-ல் இங்கிலாந்தின் விமானப் படையில் சேர்ந்தார்.

1918-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி அவருக்கு முதல் வெற்றி கிடைத்தது. ஜூலை 19-ந் தேதிக்குள் அவர் கணக்கில் 10 வெற்றிகள் சேர்ந்துவிட்டன. பதின்மூன்றே நாள்! அவர் ஓட்டியது "எஸ்.இ.5 ஏ" என்ற விமானம்.

ஜூலை 22-ந் தேதி பிரான்சு நாட்டின் ஆகாயத்தில் ஜெர்மன் விமானங்களோடு நடந்த சண்டையில் அவருடைய விமானம் தீப்பிடித்து வீழ்ந்தது. இங்கிலாந்தின் சண்டை விமானிகளுக்கு அந்த யுத்தத்தில் பாராசூட் கொடுக்கப்படவில்லை. ராய் இறந்தபோது அவருக்கு 20 வயது கூட நிரம்பவில்லை. பிரான்சில் எஸ்தவெல் என்ற ஊரில் அவருடைய கல்லறை இருக்கிறது. இறந்த பிறகே அவருக்கு "டிஸ்டிங்குவிஷ்டு பிளையிங் கிராஸ்" என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. அவருடைய உறவினர்தான் இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி.

உயிரின் அருமை

"யுத்தத்தை விளையாட்டாக்கலாமா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அதற்கு இன்னொரு விளையாட்டு பதில் சொல்லுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த மைக் கார் பள்ளி மாணவராக இருந்தபோது, "தி புளூ மாக்ஸ்" என்ற விமானச் சண்டைப் படத்தைப் பார்த்தார். அது 1966-ல் வந்த படம். உடனே "பைட் இன் தி ஸ்கைஸ்" என்ற மேஜை விளையாட்டை அமைத்தார். அது 1968-ல் வெளிவந்தது.

அதில் ஒரு புதுமை உண்டு. நீங்கள் உங்கள் விமானிக்கு ஒரு பெயர் வைக்கலாம். அவன் உயிரோடு திரும்பினால் அடுத்த ஆட்டத்திலும் அவனே பறப்பான். அவனுடைய அனுபவம் வளரும். செத்துப் போனால் கணக்கு முடிந்தது. அவனைத் திரும்பக் கொண்டு வர முடியாது.

பெயர் இல்லாத விமானியை வைத்து ஆடுகிறவர் துணிந்து பாய்வார். பல ஆட்டம் பிழைத்து வந்த விமானியை வைத்து ஆடுகிறவரோ யோசிப்பார். விமானம் அடிபட்டால் வீடு திரும்பப் பார்ப்பார். காகிதத்தில் எழுதிய ஒரு பெயருக்கே இவ்வளவு கவலை!

பிள்ளைகளோடு இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள், ஆட்டம் முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் வைக்கும் போது இந்திர லால் ராயின் கதையையும் சொல்லலாம். "எஸ்.இ.5" விமானத்துக்கும் பொம்மை உண்டு. அதை ஓட்டிய பையனுக்கு வயது 19 என்று சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும்.