வேலி போதாது, பந்தலும் வேண்டும்

கொடைரோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் திராட்சைக் கொடிகள் பந்தலில் படர்ந்து நிற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆடுமாடு புகாதிருக்கத் தோட்டத்தைச் சுற்றி வேலி அடைக்கிறார் விவசாயி. அத்துடன் தம் வேலை முடிந்தது என்று அவர் வீடு திரும்புவதில்லை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தலிடுகிறார். இளங்கொடியைக் கையால் எடுத்து அதன்மீது ஏற்றிவிடுகிறார். பருவம் தவறாது கவாத்துச் செய்கிறார். வேலி பகையைத் தடுக்கும். கொடியைத் தாங்கி நிறுத்துவது பந்தலே. பிள்ளை வளர்ப்பும் இத்தகையதே அன்றோ?

இன்று கைபேசி இல்லாத வீடு அரிது. 2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகத் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பயின்ற சிறுவர்க்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பாடத்தின் பொருட்டு நாமே பிள்ளைகளிடம் கொடுத்த கருவி, பள்ளி திறந்த பின்னும் பல வீடுகளில் அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. அதன் வழியே நல்லாசிரியரும் வருகிறார். முகம் தெரியாத கயவனும் வருகிறான். பெற்றோராகிய நாம் செய்ய வேண்டுவது யாது?

தடை மட்டும் போதுமா?

“பிடுங்கி வைத்துவிட்டால் தீர்ந்தது” என்பர் சிலர். தடை என்னும் வழியை நமக்கு அண்மையிலுள்ள நீதிமன்றமே ஒருமுறை கையாண்டு பார்த்தது. டிக்டாக் செயலியில் தகாத படங்கள் பரவிச் சிறுவர்கள் கெடுகின்றனர் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று, அச்செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. விதிகளை மீறிய 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட காணொளிகளை நீக்கியிருப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஏப்ரல் 24 அன்று தடை விலக்கப்பட்டது. மறு ஆண்டு, 2020 ஜூன் 29 அன்று, நாட்டின் பாதுகாப்பைக் கருதி மத்திய அரசே அச்செயலியைத் தடை செய்தது. பின்னர் நிகழ்ந்தது என்ன? ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு வாயில் அடைபட, வேறு இரு வாயில்கள் திறந்தன.

ஆஸ்திரேலிய நாட்டிலும், 16 வயது நிரம்பாதோர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது என்னும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய வேலிகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. 13 வயது நிரம்பாதவர் கணக்குத் தொடங்கலாகாது என்று இன்ஸ்டாகிராமின் விதியே கூறும்போது, பத்து வயதுச் சிறுமிக்குப் பொய்யான பிறந்த ஆண்டைக் குறித்துக் கணக்குத் தொடங்கித் தரும் பெற்றோர், இருக்கும் வேலியையும் தாமே பிரிக்கின்றனர். ஆயினும் எத்துணை உயர்ந்த வேலியிலும் ஒரு சந்து இருக்கும். அதன் வழியே தீங்கு நுழையும் நாளில் பிள்ளை எங்கே ஓடும் என்பதே கேள்வி.

பிள்ளை ஏன் மறைக்கிறது?

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கைபேசியில் விளையாடுகிறாள். தன்னையும் ஒரு மாணவி என்று கூறிக்கொள்ளும் ஒருவர் அவளோடு பழகுகிறார். முதலில் நலம் விசாரிப்பு, பிறகு புகழுரை, பிறகு ஒரு படம் கேட்கிறார். அவளும் அனுப்புகிறாள். அடுத்து, அனுப்பத் தகாத படம் ஒன்றைக் கேட்கிறார். மறுத்தால், “முன்னர் அனுப்பிய படத்தை அருவருப்பாக மாற்றி உன் தந்தைக்கே அனுப்புவேன்” என்று மிரட்டுகிறார். அப்போதுதான் அது சிறுமியன்று, வளர்ந்த ஆண் என்பது விளங்குகிறது.

அந்த மிரட்டலுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? தந்தை அறிந்தால் அடிப்பார், தாய் அறிந்தால் படிப்பை நிறுத்துவார் என்னும் அச்சத்திலிருந்து அன்றோ? நம் சினத்தையே அக்கயவன் ஆயுதமாக ஏந்துகிறான். அந்த ஆயுதத்தை அவன் கையிலிருந்து பறிக்க நம்மால் மட்டுமே முடியும். “எந்தத் தவறு நேர்ந்திருந்தாலும் என்னிடம் சொல். சொன்னதற்காக உன்னை அடிக்க மாட்டேன், பள்ளியை விட்டு நிறுத்த மாட்டேன்” என்று தீங்கு வருமுன்பே பிள்ளைக்கு வாக்களியுங்கள். பிள்ளை சொல்லும் நாளில் அவ்வாக்கைக் காத்திடுங்கள். இதுவே நாம் கூறும் பந்தல்.

சொன்னபின் செய்ய வேண்டியவை

மிரட்டுபவனுக்குப் பணமோ வேறு படமோ அனுப்புதல் கூடாது. ஒருமுறை பணிந்தால் மறுமுறையும் கேட்பான். அவனுடைய கணக்குப் பெயர், எண், செய்தி வந்த நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. பிள்ளையின் படத்தை உறவினர் எவருக்கும் அனுப்பாதீர்கள். உடனே 1098 என்னும் எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இயங்கும் சிறுவர் உதவி எண் அது. இணையக் குற்றங்களுக்கு 1930 என்னும் எண்ணும் உண்டு.

“காவல் நிலையம் ஏறினால் குடும்ப மானம் போகுமே” என்று தயங்குவோர் பலர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இத்தயக்கத்தை அறிந்தே இயற்றப்பட்டுள்ளது. பிள்ளையின் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ வாக்குமூலம் பெற வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரியே பெற வேண்டும். அப்போது அவர் சீருடையில் இருத்தலாகாது. பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ செய்தித்தாள்கள் வெளியிடலாகாது. பாலியல் நோக்குடன் இணைய வழியே பிள்ளையை விடாது தொடர்வதும், பொய்ப்படம் காட்டி மிரட்டுவதும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

பிறர் வீட்டுப் பிள்ளை

நம் பிள்ளை காயப்படாதிருந்தால் போதும் என்று நின்றுவிடலாமா? நம் பிள்ளையே பிறரைக் காயப்படுத்தினால்? வகுப்பு மாணவர் குழுவில் ஒரு மாணவியின் படத்தை மாற்றியமைத்து ஒருவன் இடுகிறான். நாற்பது பேர் பார்க்கின்றனர். பத்துப் பேர் சிரிப்பதாகக் குறியிடுகின்றனர். ஐவர் வேறு குழுக்களுக்கு அனுப்புகின்றனர். “நான் எடுத்த படமன்று, அனுப்பியதுதான்” என்று நம் மகன் கூறலாம். ஆனால் 18 வயது நிரம்பாதோரை ஆபாசமாகக் காட்டும் படத்தை அனுப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றமே. ஐந்தாண்டு வரை சிறையும், பத்து இலட்ச ரூபாய் வரை அபராதமும் அதற்கு உண்டு.

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதினும் மேலானது ஒன்றுண்டு. “இந்தச் சொல்லை அந்தப் பெண்ணின் தாய் எதிரே நின்றிருந்தால் சொல்வாயா?” என்று மகனைக் கேளுங்கள். முகம் காணாத இடத்திலும் எதிரே இருப்பவர் ஒரு வீட்டின் செல்வம் என்னும் உணர்வே மரியாதையின் வேர்.

பெற்றோர் காட்டும் வழி

இம்மரியாதையைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கின்றனர். உண்ணும்போது தந்தை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், மகளுக்கு அவர் கூறும் புத்திமதி காற்றோடு போகும். புதுநன்மை உடையில் மகள் நிற்கும் படத்தை, பள்ளியின் பெயரும் வீட்டு முகவரியும் விளங்க, ஊரறிய இடும் தாய், “முன்பின் அறியாதவர்க்குப் படம் அனுப்பாதே” என்று எவ்வாறு சொல்வாள்? பிள்ளையின் படத்தை இடுமுன் பிள்ளையிடமே இசைவு கேளுங்கள். இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், பெற்றோருடையவை உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் உறங்கட்டும். விதி அனைவர்க்கும் பொதுவாயின் பிள்ளை அதனைத் தண்டனையாகக் கருதாது.

அன்பார்ந்த பெற்றோரே, இன்றிரவு உணவு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். “இன்று கைபேசியில் என்ன பார்த்தாய்? சிரிக்க வைத்தது எது? அஞ்ச வைத்தது எது?” என்று கேளுங்கள். இடைமறியாது செவிசாயுங்கள். முதல் நாள் பிள்ளை ஒன்றும் சொல்லாதிருக்கலாம். கொடியும் ஒரே நாளில் பந்தல் ஏறுவதில்லை. நாள்தோறும் கேட்கும் வீட்டில், துன்பம் வரும் நாளில், பிள்ளை தானே வந்து சொல்லும்.