துளைப்பான் தோற்கும் உருக்கு

1867இல் இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். அதன்பின் எழுந்த தொழிற்சாலைகளால் கண்டிச் சீமைக்கு இயந்திரம் பழுதுபார்க்கும் கைகள் எப்போதும் தேவைப்பட்டன. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய இயந்திரங்களைப் பார்த்தாலே அது விளங்கும். இன்று அந்தப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குப் பிளாஸ்டிக் அச்சுகளும் தகடு வெட்டும் டைகளும் வருகின்றன.

டையின் விளிம்பு உடைந்தால் வெல்டிங் வைத்து நிரப்பலாம். அங்கே துளை போடும்போதுதான் வினை தொடங்குகிறது. டை செய்யப் பயன்படும் டி2 போன்ற உருக்கில் ஏறத்தாழ 1.5 சதவீதம் கரியும் 12 சதவீதம் குரோமியமும் உண்டு. வெல்டிங் சூட்டில் பழுத்த பகுதியைச் சுற்றியுள்ள குளிர்ந்த உருக்கு சட்டென ஆற்றிவிடுவதால், அது கண்ணாடிபோல் இறுகுகிறது. ஒரே துளைக்குள் நிரப்பிய உலோகம், இறுகிய வலயம், பழைய உருக்கு என மூன்று கடினங்கள். துளைப்பான் மென்மையான பக்கம் சாய்கிறது, அல்லது முறிகிறது.

இங்கே துளைப்பானுக்குப் பதிலாக மின்பொறி உதவுகிறது. அது கடினத்தைப் பார்ப்பதில்லை. மின்சாரம் பாய்ந்தால் போதும். 1943இல் சோவியத் விஞ்ஞானிகளான லசரென்கோ தம்பதியர் மின்தொடுகைகள் பொறியால் அரிக்கப்படுவதைத் தடுக்க முயன்றார்கள். தடுக்க முடியாத அந்த அரிப்பையே உலோகம் செதுக்கும் கருவியாக்கினார்கள். எனக்கு இந்தத் திருப்பம் எப்போதும் வியப்புத்தான்.

இந்த முறையில் செம்பு அல்லது கிராபைட் முனை எண்ணெய்க்குள் மூழ்கிய உருக்கை நெருங்கும், தொடாது. நூலிழை இடைவெளியில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் பொறிகள் பாயும். ஒவ்வொன்றும் ஒரு துளி உருக்கை உருக்கி எறியும். ஓடும் எண்ணெய் கழிவை வெளியேற்றும். பொறி பக்கவாட்டிலும் தின்பதால் முனையைத் துளையைவிடச் சிறிதாகவே செய்ய வேண்டும். வெல்டிங்கில் கசடு சிக்கியிருந்தால் மின்சாரம் பாயாமல் வேலை அங்கேயே தடுமாறும். ஆகவே கசடு விடாத ஆர்கன் வெல்டிங் நல்லது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பொறியும் சூடுதான். உருகி எறியப்படாமல் தங்கிய உலோகம் எண்ணெயில் உடனே உறைந்து, கரியையும் ஏற்று, துளைச் சுவரில் மெல்லிய வெள்ளைப் படலமாகும். அது இறுக்கமானது, நொறுங்கக்கூடியது, நுண்வெடிப்புகள் நிறைந்தது. வெல்டிங் செய்த கேட்டையே பொறி சிறிய அளவில் மீண்டும் செய்கிறது. அடி வாங்கும் டையில் அந்த வெடிப்புகள் உள்நோக்கி வளரும். அதனால் முதலில் அதிக மின்னோட்டத்தில் வேகமாகக் குடைந்து, கடைசியில் மின்னோட்டத்தைக் குறைத்து மெதுவாக முடிக்கிறார்கள். பிறகு எஞ்சிய படலத்தைத் தேய்த்து நீக்குவார்கள். இந்தக் கடைசி வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.